பாக்கெட்டில் போட்டுக்கொண்ட ஒரு புள்ளி

கேள்வி: எனக்கு வயது 41. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளிக்கூட நாளில் மாமா சொல்லிக்கொடுத்த செஸ்ஸை 2020 ஊரடங்கில் மறுபடி பிடித்துக்கொண்டேன். இப்போது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங், அதாவது ஆட்டப் பலத்தைக் காட்டும் எண், 1540. போன மாதம் லீவு போட்டுவிட்டுச் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஐந்து நாள் போட்டிக்குப் போனேன். ஆறாவது சுற்றில் ஒன்பது வயதுச் சிறுமி, ரேட்டிங் 1420. அவளுடைய பிஷப்புக்கு எதிராக என்னிடம் அதைவிட மதிப்புள்ள ரூக். அவள் கடிகாரத்தில் மூன்றே நிமிடம். ஜெயித்த ஆட்டம். மனைவிக்கு என்ன மெசேஜ் அனுப்பலாம் என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். தோற்றேன். அன்றிரவு லாட்ஜில் போனில் மூன்று நிமிட ஆட்டம் ஆட ஆரம்பித்து, இரண்டரை மணி வரை ஆடி 180 புள்ளி இழந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி இப்படியே போகிறது. காலையில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். பத்து வயது மகன் செஸ் வகுப்புக்குப் போக மாட்டேன் என்கிறான். “தோத்தா அப்பா மாதிரி ஆயிடும்” என்று அம்மாவிடம் சொன்னானாம். எனக்கு மூளை இவ்வளவுதானா? விட்டுவிடலாமா? அடுத்த மாதம் கோவைப் போட்டிக்குப் பணம் கட்டிவிட்டேன், போகலாமா? ஆட்டத்தின் நகர்வுகளை எழுதிய ஸ்கோர்ஷீட்டை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

உங்கள் கடிதத்தைவிட அந்த ஸ்கோர்ஷீட்டைத்தான் அதிக நேரம் படித்தேன். கணக்குப் பிரிவுக்காரர் என்பது பார்த்ததுமே தெரிகிறது. ஒவ்வொரு நகர்வுக்குப் பக்கத்திலும் உங்கள் கடிகாரத்தில் மீதி எத்தனை நிமிடம் என்று பொடி எழுத்தில் குறித்திருக்கிறீர்கள். நான் பார்க்கும் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. செய்தால் என் வேலை பாதி குறையும்.

30வது நகர்வு வரை அந்த எண்கள் ஒழுங்காக இறங்கி வருகின்றன. ஒரு நகர்வுக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், ஒரு இடத்தில் ஒன்பது. 30வது நகர்வில் உங்களுக்கு 38 நிமிடம் இருக்கிறது. அதற்கப்புறம் பாருங்கள்: 38, 39, 39, 40, 40. எண் இறங்கவில்லை, ஏறுகிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூட்டிக் கொடுக்கும் ஆட்டத்தில், கொடுத்த 30 விநாடியைக்கூடச் செலவழிக்காமல் ஐந்து நகர்வு ஆடியிருக்கிறீர்கள். கையெழுத்தும் அங்கேதான் மாறுகிறது. அதுவரை கட்டத்துக்குள் நின்ற எழுத்து, 31லிருந்து கோட்டைத் தாண்டி ஓடுகிறது.

35வது நகர்வில் இ7 கட்டத்தில் இருந்த ரூக்கால் ஏ7 சிப்பாயை வெட்டினீர்கள். இலவசச் சிப்பாய், யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த ரூக் இ7ல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. இ வரிசை நெடுக இ2 வரை காவல் காத்துக்கொண்டிருந்தது. அது நகர்ந்ததும் எஃப்4ல் இருந்த அவள் குதிரை இ2ல் வந்து இறங்கிற்று. ஜி1ல் உங்கள் ராஜாவுக்குச் செக், கூடவே சி3ல் ராணி போச்சு. 36வது நகர்வை எழுதிய இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது, அல்லது நகலெடுத்தபோது விழுந்த கோடா, தெரியவில்லை.

இந்தக் குதிரைப் பிடி உங்களுக்குத் தெரியாத விஷயமா? இதையே பயிற்சிப் புதிராகக் கொடுத்தால் பத்து விநாடியில் சொல்லிவிடுவீர்கள். ஆக, மூளை இவ்வளவுதானா என்ற கேள்விக்கு உங்கள் ஸ்கோர்ஷீட்டே இல்லை என்கிறது. அந்த ஐந்து நகர்வில் மூளை பலகை முன்னால் இல்லை, அவ்வளவுதான். அது எங்கே போயிருந்தது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மனைவிக்கு மெசேஜ் டைப் பண்ணிக்கொண்டிருந்தது.

உங்கள் தொழிலில் வைத்தே கேட்கிறேன். வராத பணத்தை வரவில் எழுதுவீர்களா? பார்ட்டி நல்ல பார்ட்டி, நிச்சயம் கொடுத்துவிடுவார் என்று தெரிந்தாலும், பணம் வரும்வரை அது பாக்கிதானே? அன்றைக்கு 30வது நகர்விலேயே வெற்றிக்கான ஒரு புள்ளியை வரவு வைத்துவிட்டீர்கள். அதற்கப்புறம் நீங்கள் ஆடியது ஆட்டமல்ல, வசூல். சீக்கிரம் கொடுத்து முடி என்கிற அவசரம். அவளுக்கு நேரம் இல்லை என்பதால் நீங்களும் வேகமாக ஆடினீர்கள். எதிராளிக்கு டைம் டிரபிள் வந்தால் நமக்கும் அது தொற்றிக்கொள்வது செஸ்ஸில் ரொம்பப் பழைய வியாதி. 40 நிமிடம் கையில் வைத்திருந்தவர் மூன்று நிமிடக்காரியின் வேகத்தில் ஆடினால் யாருக்கு லாபம்?

இது 1540க்கு மட்டும் வருகிற கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். 2014 நவம்பரில் சோச்சியில் ஆனந்தும் கார்ல்சனும் ஆடிய உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தை ஒரு முறை போட்டுப் பாருங்கள். அதுவரை இரண்டு பேரும் சமம். கார்ல்சனுக்கு நல்ல நிலை, ஆனந்த் அழுத்தத்தில் இருக்கிறார். 26வது நகர்வில் கார்ல்சன் ராஜாவை டி2க்கு நகர்த்தினார். பெரிய பிளண்டர், அதாவது மோசமான தப்பு. இ5 சிப்பாயைக் குதிரையால் வெட்டியிருந்தால் ஆட்டம் ஆனந்த் பக்கம் திரும்பியிருக்கும். ஆனந்த் அதிக நேரம் எடுக்காமல் ஏ வரிசைச் சிப்பாயைத் தள்ளினார். தள்ளிய பிறகுதான் கண்ணில் பட்டது. கடைசியில் ஆட்டமும் போயிற்று. எதிராளியிடமிருந்து பரிசு வரும் என்று எதிர்பார்க்காதபோது அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்கிற மாதிரி அப்புறம் அவரே சொன்னார்.

ஒரே பலகையில் ஒரே நிமிடத்தில் இரண்டு உலக சாம்பியன்கள். ஒருவர் நிலைமை நம் கையில் என்று நினைத்தார், இன்னொருவர் நாம் தற்காத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நினைத்தார் என்பது என் ஊகம். இரண்டு பேருமே பலகையைப் பார்க்காமல், பலகையைப் பற்றித் தாங்கள் வைத்திருந்த கதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் கதை ‘ஜெயித்தாச்சு’.

இதற்கு மருந்தாக, கிளம்பும் முன் எல்லாவற்றையும் சரிபார்க்கிற மாதிரி பத்துப் பதினைந்து கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைச் சில பயிற்சியாளர்கள் கொடுப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பதற்றத்தில் இருப்பவனுக்குப் பட்டியல் ஞாபகம் வராது. உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன், அதுவும் இந்த ஸ்கோர்ஷீட்டிலிருந்தே எடுத்தது: நான் தூக்கப்போகிற காய் இப்போது எதைக் காவல் காக்கிறது? காயைத் தொடும் முன் அதைக் கேளுங்கள். தொட்டுவிட்டால் ஆடியே ஆகவேண்டும் என்பது விதி, அதனால் கேள்வி வரும்வரை கை தொடையின் கீழ் இருக்கட்டும். நகர்வை முதலில் காகிதத்தில் எழுதி, ஒரு முறை பார்த்துவிட்டு அப்புறம் ஆடுவது என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. மாமா சொல்லிக்கொடுத்திருந்தால் மறந்துவிடுங்கள். இப்போது ஃபிடே விதியில் அதற்கு இடமில்லை, நடுவர் வந்து நிற்பார்.

கடிகார எண்களைக் குறிக்கிறீர்களே, அதை விடாதீர்கள். ஆட்டத்தின் நடுவிலேயே அது உங்களுக்கு உதவும். எண் ஏற ஆரம்பித்தால் மனசு மண்டபத்தைவிட்டு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். உடனே எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் முறை ஓடிக்கொண்டிருந்தால் நடுவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், இரண்டு நிமிடம் போனால் போகட்டும். 38 இருக்கிறதே.

‘ஒன்பது வயதுச் சிறுமி’ என்று எழுதிய இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். அங்கேதான் வலி அதிகம் என்று புரிகிறது. கணக்கு போடுவோம். 1540க்கும் 1420க்கும் வித்தியாசம் 120. ரேட்டிங்குக்குப் பயன்படும் எலோ கணக்குப்படி இந்த இரண்டு பேர் பத்து ஆட்டம் ஆடினால் உங்களுக்கு எதிர்பார்ப்பது ஏறக்குறைய ஆறரைப் புள்ளி, அவளுக்கு மூன்றரை. பத்துக்குப் பத்து என்று யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அந்தத் தோல்வியில் நீங்கள் ரேட்டிங்கில் இழந்தது சுமார் 13 புள்ளி. ஜெயித்திருந்தால் கிடைத்திருப்பது ஏழுகூட இல்லை. போனில் அன்றிரவு விட்டீர்களே 180, அதோடு ஒப்பிட்டால் இது டீக்காசு.

இன்னொன்று. ரேட்டிங் என்பது நேற்றைய பலத்தின் பதிவு. உங்களுக்கு நேற்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்று. வளர்கிற குழந்தைக்கு அப்படி இல்லை. அதனால்தான் 2300க்குக் கீழே உள்ள 18 வயதுக்கு உட்பட்டவர்களின் கணக்கில் எதிர்பார்த்த புள்ளிக்கும் எடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை ஃபிடே 40ஆல் பெருக்கி ரேட்டிங்கை மாற்றுகிறது, உங்கள் கணக்கில் 20ஆல். அவர்களின் எண் ஓடிப் பிடிக்கட்டும் என்று. உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவளின் அட்டையில் 1420 என்று இருந்திருக்கலாம். அவள் அன்றைக்கு 1420ஆ என்பது யாருக்குத் தெரியும்? மூன்று நிமிடத்தில், ரூக்குக்கு எதிராகப் பிஷப்போடு, அழாமல், எழுந்து ஓடாமல், இ2 எப்போது திறக்கும் என்று ஒரு குழந்தை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, மன்னியுங்கள்.

வயது பற்றி ஒரு வார்த்தை. 1940களில் டி குரூட் என்ற டச்சு உளவியலாளர் அன்றைய பெரிய ஆட்டக்காரர்களையும் சாதாரண ஆட்டக்காரர்களையும் வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பெரியவர்கள் ரொம்ப ஆழமாகக் கணக்கிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வித்தியாசம் அதில் அவ்வளவாக இல்லை. பார்க்க வேண்டிய நகர்வு அவர்கள் கண்ணில் முதலிலேயே பட்டது. 1973ல் சேஸ், சைமன் என்ற இருவர் இதைத் தொடர்ந்தார்கள். நிஜ ஆட்டத்து நிலையைச் சில விநாடி காட்டினால் மாஸ்டர் கிட்டத்தட்ட அப்படியே திரும்ப அடுக்கிவிடுகிறார். காய்களைத் தாறுமாறாக இறைத்து வைத்துக் காட்டினால் அவரும் நம்மைப் போலத்தான் தடுமாறுகிறார். பிறவி ஞாபகசக்தி என்றால் இரண்டிலும் வென்றிருக்க வேண்டும். அவரிடம் இருப்பது பார்த்துப் பார்த்துச் சேர்த்த சேமிப்பு. 41 வயதில் சேமிப்பு மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறும். ராத்திரி இரண்டரை மணிக்கு மூன்று நிமிட ஆட்டத்தில் மட்டும் ஏறாது.

அந்த ராத்திரிக்கு வருவோம். உண்மையில் எனக்குக் கவலை தருவது சேலத்து ஆட்டமல்ல, இதுதான்.

1979ல் கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிய ஒரு கட்டுரை இப்போது பொருளாதாரப் பாடங்களிலெல்லாம் வருகிறது. அதே அளவு லாபம் தருகிற சந்தோஷத்தைவிட நஷ்டம் தருகிற வலி பெரிது. நஷ்டத்தில் நிற்கிறவன், விட்டதைப் பிடிப்பதற்காக, சாதாரணமாக எடுக்காத ஆபத்தையெல்லாம் எடுப்பான். சீட்டாட்டத்தைப் பார்த்து வளர்ந்த ஊரில் இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லைதான். நீங்கள் அன்றிரவு செஸ் ஆடவில்லை. சேலத்தில் விட்ட ஒரு புள்ளியை முகம் தெரியாத யாரோ ஒருவரிடமிருந்து பிடுங்கப் பார்த்தீர்கள். அது அவர்களிடம் இல்லை. பத்து ஆட்டம் ஜெயித்திருந்தாலும் கிடைத்திருக்காது. அதனால்தான் ஜெயித்தாலும் நிறுத்த முடியவில்லை, தோற்றாலும் நிறுத்த முடியவில்லை. பகலில் நடக்காததை வரவு வைத்தீர்கள், ராத்திரியில் எழுதிய பற்றை அழிக்கப் பார்த்தீர்கள். இரண்டு நேரத்திலும் எதிரில் இருந்த பலகையில் நீங்கள் இல்லை.

ஆட்டக்காரர்கள் இதற்கு டில்ட் என்பார்கள். எனக்கும் உண்டு. கல்லூரிக் காலத்தில் திருச்சியில் ஒரு போட்டியில் ஜெயித்த எண்ட்கேமைத் தோற்றுவிட்டு, மதுரைக்குப் போக வேண்டியவன் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வல்லம் தாண்டும்வரை அந்த ஒரு சிப்பாய் நகர்வையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது போனில் செஸ் இல்லை. இருந்திருந்தால் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் விடியும்வரை ஆடியிருப்பேன். இல்லாததால் ஒரு பரோட்டாவும் திரும்பும் பஸ்ஸுமாக முடிந்தது.

அதனால் உங்களுக்கு மனக்கட்டுப்பாடு பழகுங்கள் என்று சொல்லப்போவதில்லை. இரண்டரை மணிக்கு மனக்கட்டுப்பாடு எவனுக்கும் கிடையாது. மூன்று நிமிட ஆட்டத்தைப் போனிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஆட வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில், உட்கார்ந்து, 15 நிமிடமும் நகர்வுக்கு 10 விநாடியும் வைத்து, ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம். சாப்பாட்டுக்கு முன்னால். தோற்றால் ரீமேட்ச் பொத்தான் வரும், அதை அழுத்தாமல் மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள். முதல் வாரம் கை நமநமக்கும். போட்டி நாட்களில் போனை லாட்ஜ் ரிசப்ஷனில் கொடுத்துவிட்டுத் தூங்குகிற ஒருவரை எனக்குத் தெரியும், அலாரத்துக்கு நாற்பது ரூபாயில் ஒரு கடிகாரம் வாங்கி வைத்திருந்தார். இதையெல்லாம் செய்தும் தூக்கம் திரும்பவில்லை, எரிச்சல் தணியவில்லை என்றால் விஷயம் செஸ்ஸைத் தாண்டிவிட்டது. அப்போது ஊரிலேயே ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். 14416 என்ற இலவச அரசு எண்ணிலும் தமிழில் பேசலாம்.

அப்படியானால் தோல்வியை என்ன செய்வது? விழுங்கிவிடுவதா? கூடாது. வலிக்க விடுங்கள். 2022 ஆகஸ்டில் நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாடில், மாமல்லபுரத்தில், குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்திருந்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவோடு ஆட்டம். நல்ல நிலை. மேலும் மேலும் ஜெயிக்கப் பார்த்து, கடைசியில் தோற்றார். தங்கத்துக்கு ஓடிய அணிக்கு அந்தத் தோல்வி பெரிய இடி, கிடைத்தது வெண்கலம். ஆட்டம் முடிந்த பிறகும் நாற்காலியைவிட்டு எழ முடியாமல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அப்போது அவருக்கு 16 வயது.  மறுநாள் வந்து உட்கார்ந்து ஒரு டிரா எடுத்தார். இரண்டு வருடம் கழித்து உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியில் ஏழாவது சுற்றில் ஃபிரூஜாவிடம் தோற்றார். அடுத்த நாள் ஓய்வு நாள். இந்தப் போட்டியை ஜெயிக்க முடியும் என்று தனக்குத் தோன்றியதே அந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்று பின்னர் சொன்னார். ஜெயித்தும் காட்டினார். ஓய்வு நாளில் என்ன செய்தார் என்று நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. விட்டதைப் பிடிக்க விடியவிடிய பிளிட்ஸ் என்கிற வேக ஆட்டம் ஆடியிருக்க மாட்டார் என்று பந்தயம் கட்டுவேன்.

தோற்ற அன்று நகர்வுகளை மதிப்பிடும் கம்ப்யூட்டர் என்ஜினைத் திறக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கவாட்டுப் பட்டை மேலும் கீழும் ஆடி உங்கள் தப்பை எண்ணாகக் காட்டும், ஏன் தப்பு செய்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. அன்று ஸ்கோர்ஷீட்டை மட்டும் எடுத்துவைத்து, மூன்று இடத்தில் அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘மனசுக்குள் மெசேஜ் டைப் பண்ணினேன்’ என்பதையும் அப்படியே. என்ஜின் நாளைக்கும் இருக்கும், அந்த நினைப்பு நாளைக்கு இருக்காது.

உங்கள் மகன் சொன்னதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கென்னவோ கடிதம் எழுதியதே அதற்காகத்தான் என்று படுகிறது. அவனுக்குத் தோல்வி பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். தோற்ற பிறகு வீட்டுக்கு வருகிற ஆள்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை. ‘தோல்விதான் வெற்றிக்குப் படி’ என்றெல்லாம் அவனிடம் பேசப் போகாதீர்கள், பத்து வயதுக்கு அது காதிலேயே ஏறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பலகையைத் தரையில் விரித்து, இந்த 35வது நகர்வு நிலையை அடுக்கி வையுங்கள். ‘இங்கே அப்பா ஒரு சிப்பாயை வெட்டினேன், அந்தப் பாப்பா என்ன பண்ணியிருப்பா, சொல்லு’ என்று கேளுங்கள். அவன் குதிரையைக் கண்டுபிடிப்பான். பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் குதிரை என்றால் உயிர். கண்டுபிடித்ததும் சிரிப்பான், உங்களைப் பார்த்துத்தான் சிரிப்பான். கூடச் சேர்ந்து சிரிக்க முடிகிறதா பாருங்கள். வகுப்புக்குப் போவதும் போகாததும் அப்புறம் அவன் இஷ்டம்.

கோவைக்குப் போங்கள். பணத்தைக் கட்டியாயிற்று என்பதற்காக அல்ல, அது எப்படியும் திரும்பாது. அந்த ஒரு கேள்வியைப் பெரிய பலகை முன்னால் சோதித்துப் பார்க்க வேறு இடம் இல்லை என்பதற்காக. ஒன்பது சுற்றில் ஐந்து எதிர்பார்க்கிற இடத்தில் மூன்று எடுத்தால் ரேட்டிங்கில் 40 புள்ளி போகும், அதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். வீட்டுக்கு மெசேஜ் அனுப்புவதை மட்டும் ஸ்கோர்ஷீட்டில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் எல்லாச் சுற்றின் ஸ்கோர்ஷீட்டையும் அனுப்புங்கள், கடிகார எண்களோடு. போன தடவை 36வது நகர்வுக்குமேல் நிமிடம் எதுவும் குறிக்காமல் விட்டிருக்கிறீர்கள். தோற்றுக்கொண்டிருந்தாலும் குறியுங்கள்.